யாருக்கு என்று கேட்டார்கள்

ஜூன் 3, செவ்வாய்

தச்சர் மரியதாஸ் வந்து நவநீதன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மழைக்குக் கதவு உப்பிவிட்டது, தாழ்ப்பாள் இறுக்குகிறது என்று அவரிடம் சொன்னேன். அருப்புக்கோட்டையில் மழை பெய்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அவருக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் திருகாணிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல மனிதர்.

ஒரு ஆள் கதவைக் குடைந்துகொண்டிருக்கிறார், என் மகன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்தவன். லீவு என்றான். வேலையை விட்டுவிட்டான் என்பது, கம்பெனிக்காரர்கள் லேப்டாப்பை வாங்கிப்போக ஆள் அனுப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த அறைதான். பகல் பூராவும் தூக்கம். நான் அலுவலகம் போன பிறகு எழுந்து பிஸ்கட் டப்பாவைக் காலி செய்கிறான். "சரி", "வேணாம்", "அப்புறம்". இருபத்தேழு வயதில் இந்த மூன்று சொல்லை வைத்துக் குடித்தனம் நடத்துகிறான்.

போன வாரம் காபி கொண்டுபோய் வைத்தபோது கொஞ்சம் நீளமாகப் பேசினான். "நான் இல்லேன்னா உனக்கு நிம்மதியா இருக்கும்லம்மா?" கோபம் இல்லை, அழுகை இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்பது மாதிரி கேட்டான். அதனால்தான் தாழ்ப்பாள். அவனை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும், வேறு ஆசை எனக்கு இப்போது எதுவும் இல்லை.

மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். எழுதியாகிவிட்டது. இனிச் செய்ய வேண்டும்.

புது ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிகிறது. தையல்காரருக்கு வயதாகிவிட்டது, அளவு பிடிபடவில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் மனநல டாக்டர் வருகிறார். சீட்டுப் போட்டால் போதும், எல்லாம் இலவசம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அத்தனை பேரின் சம்பளப் பட்டியலும் சார்கருவூலத்தில் என் மேஜைக்குத்தான் வருகிறது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வாரிசு வேலையாகக் கிடைத்த நாற்காலி அது. டாக்டர் முதல் வார்டு ஆயா வரை எல்லோருக்கும் நான் "அரசி மேடம்". மங்கையர்க்கரசி என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. என் பையனை அந்த வரிசையில் நிறுத்தினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கருவூலத்துக்குச் செய்தி வந்துவிடும். அரசி மேடம் மகனுக்கு மண்டை சரியில்லையாம். அப்புறம் அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அதனால் மதுரை. மதுரை என்றால் தனியார் ஆஸ்பத்திரி. ஒரு தடவையோடு முடிகிற வைத்தியமா இது, வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். என் ஒரு சம்பளம் தாங்காது. அரசுக் காப்பீட்டு அட்டை எதற்கு இருக்கிறது? இந்த வட்டாரத்து ஊழியர் எல்லோருக்கும் அதற்கான சம்பளப் பிடித்தத்தைச் சரிபார்த்துப் பட்டியலைப் பாஸ் பண்ணுகிறவளே நான்தான். ஆனால் என் அட்டை கைப்பையில் வாங்கிய உறையோடு அப்படியே கிடக்கிறது.

அலுவலகத்திலிருந்து உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பக்கத்து நாற்காலியில் தட்டச்சர் சகாயராணி. அவளுக்குப் பாம்புக் காது. அதனால் நாசூக்காக, "மதுரையில கார்டு எடுக்குற நரம்பு டாக்டர் எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிவிட்டு, "யாருக்கு மேடம்?" என்றாள்.

"தெரிஞ்சவுகளுக்கு."

சகாயராணி தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னக்கா, முகமெல்லாம் வாடிப்போய்க் கெடக்கு" என்றாள். வெயில் என்றேன்.

ஜூன் 7, சனி

மதுரை போய் வந்தேன். அவனைக் கூப்பிட்டேன், "அப்புறம்" என்றான். முதலில் நான் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரி. காலையில் போனவள், மத்தியானத்துக்கு மேல்தான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"பையனுக்கு வலிப்பு எப்பருந்து வருது?"

"வலிப்பெல்லாம் இல்லீங்க டாக்டர்."

"கை கால் மரத்துப்போகுதா? நடை தள்ளாடுதா?"

"நடந்தாத்தானே டாக்டர் தள்ளாடுறதுக்கு. படுத்தே கெடக்கான். பேச மாட்டேங்குறான்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "அம்மா, நான் பாக்குறது மூளை நரம்பு, தண்டுவடம் இதெல்லாம். நீங்க தேடுறது மனநல டாக்டர. உங்கள மாதிரி வாரம் ஒருத்தராவது இங்க வந்துட்டுப் போறாங்க. ஏன் எல்லாரும் நரம்பு, நரம்புன்னே சொல்றீங்க?"

எங்கள் பக்கம் எல்லாம் நரம்புதான். அழுதால் நரம்புத் தளர்ச்சி, அழாவிட்டாலும் நரம்புத் தளர்ச்சி. மனசு என்று சொன்னால் நாக்கு வெந்துவிடும். வாரம் ஒருத்தர் என்றாரே, அது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திரும்பும்போது அருப்புக்கோட்டையில் இறங்காமல் பந்தல்குடி வரை போய்விட்டேன். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. ஊர் வந்தால் குரல் கொடுக்கத் தெரியாதா என்று கண்டக்டரைப் பிடித்துக் கத்தினேன். அந்த ஆள் பயந்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பழைய பட்டியல்கள் கிடக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். இந்தத் தடவை "சைக்கியாட்ரிஸ்ட்" என்றே கேட்டேன். இங்கிலீஷில் சொன்னால் யாரோ வேற்றூர் ஆள் வியாதி மாதிரி இருக்கிறது.

ஒரு இடத்தில் அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டாராம். இன்னொரு இடத்தில் டாக்டர் இருக்கிறார், கார்டு எடுப்பதில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

"கார்டு உண்டும்மா. ஆனா பெட்ல அட்மிஷன் ஆனாத்தான். சும்மா பாத்துட்டுப் போறதுக்கு வராது."

"பேசி, மாத்திரை வாங்கத்தானம்மா வர்றோம். படுக்க வைக்க என்ன இருக்கு?"

"அப்படித்தாம்மா ரூல்ஸு. அடிபட்டு, கை காலு ஒடஞ்சு வந்தா உடனே போட்டு விட்டுரலாம். யாருக்கும்மா?"

போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சாலையைக் கடக்க நின்றபோது தூத்துக்குடி பஸ் ஒன்று உரசுகிற மாதிரி போனது. இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு வாரம் கட்டிலில் கிடக்கலாம், யாராவது கஞ்சி கொடுப்பார்கள், கார்டும் செல்லும். வேடிக்கையாகத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவனுக்குத் தோசை ஊற்றினேன்.

ஜூன் 15, ஞாயிறு

தங்கச்சி பாமா சாத்தூரிலிருந்து வந்தாள். அவளுக்குப் பாதி தெரியும். மீதியை அவளே கற்பனை செய்துகொண்டாள்.

"யாரோ செஞ்சு வச்சுட்டாகக்கா. அதான் பிள்ள இப்படிக் கெடக்கு. பூசாரி மந்திரிச்சுக் குடுத்த கயிறு இது, வலது கையில கட்டி விடு. ஒரே மாசத்துல எந்திரிச்சு ஓடுவான் பாரு."

நவநீதன் கையை நீட்டவில்லை. போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். பாமா அழுதாள், சாப்பிட்டாள், அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பக்கத்து வீட்டில் கேட்டால் டைபாய்டு என்று சொல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவு தூரம் வேண்டி வாங்கி வந்த கயிறு வீணாகக் கூடாது என்று நானே கட்டிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஒரு பள்ளிக்கூடத்துச் சம்பளத்தை இன்னொரு பள்ளிக்கூடத்துக் கணக்கில் பாஸ் பண்ணிவிட்டேன். நல்லவேளை, பணம் போவதற்குள் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். அதிகாரி சத்தம் போடவில்லை. "ஒடம்புக்கு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். சத்தமே போட்டிருக்கலாம்.

பழைய பட்டியல் அறைக்குப் போய் நின்றேன். அங்கே தூசி அதிகம், கண்ணில் நீர் வந்துவிடும். சகாயராணி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க போன்ல நரம்பு டாக்டர்னு கேட்டீகளே, தம்பிக்குத்தான?"

நான் ஒரு பழைய கட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.

"என் வீட்டுக்காரருக்குப் பிரஷர்னு ஆபீஸ்ல சொல்லி வச்சுருக்கேன்ல? பிரஷரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு வருசமா மனசுக்குத்தான் பாக்குறோம். மதுரையில ஹமீதா பானுன்னு ஒரு டாக்டரம்மா. சும்மா பாத்துட்டு வர்றதுக்கும் நம்ம கார்ட எடுக்குறாக. முந்தி எடுக்கல, இப்பத்தான்."

இரண்டு வருஷம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் கணவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி நான் எத்தனை தடவை புத்தி சொல்லியிருக்கிறேன்! அவளும் தலையை ஆட்டியிருக்கிறாள். சிரிப்பு வர வேண்டிய இடம். என்னமோ வரவில்லை.

ஜூன் 21, சனி

ஹமீதா பானு டாக்டரின் ஆஸ்பத்திரி சின்னது. கீழே பல் டாக்டர், மாடியில் இவர். யார் பார்த்தாலும் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு.

கவுண்டர் பெண் அட்டையை வாங்கிக் கணினியில் பார்த்தாள்.

"யாருக்கும்மா?"

"மகனுக்கு."

"வயசு?"

"இருபத்தேழு."

அட்டை திரும்பி வந்தது. "இருபத்தஞ்சு தாண்டிட்டா கார்டுல பிள்ளைங்க வர மாட்டாங்கம்மா. உங்களுக்குன்னா இப்பவே டோக்கன் போட்டுரலாம். உங்க பேரு மட்டுந்தான் இருக்கு."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி. மற்றவர்கள் பட்டியலில் இதே விதியைக் காட்டி எத்தனை பிள்ளைகள் பெயரை அடித்திருக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் இறங்கி வந்தார். "பல்லு புடுங்குனது ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். என் பெயரில் டோக்கன் போட்டு, அவன் வியாதியை என் வியாதியாகச் சொல்லி, மாத்திரை வாங்கி வந்து அவனுக்குக் கொடுத்துவிடுவது. அவனும் வர வேண்டியதில்லை, கார்டும் செல்லும். இப்படி ஒரு தில்லுமுல்லு பட்டியலில் வந்திருந்தால் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். எழுதட்டும், யார் வேண்டுமானாலும்.

சொல்ல வேண்டியவை: பகலெல்லாம் தூக்கம். குளிக்கப் பிடிக்கவில்லை. ஆட்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்டதைத் தின்பது. பேச்சு இல்லை. பஸ்ஸில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 28, சனி

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கலந்துபோகும்.

டாக்டருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், வேறொன்றும் இல்லை. "சொல்லுங்கம்மா" என்றார்.

பஸ்ஸில் படித்த பாடத்தை ஆரம்பித்தேன். "ஆளுகளப் பாக்கப் புடிக்கல டாக்டர். பேசப் புடிக்கல. குளிக்க..." என்று சொல்லிக் கொண்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நான் குளித்துப் பூ வைத்துப் போயிருந்தேன்.

"தூக்கம் எப்படி?"

பகலெல்லாம் தூக்கம் என்று சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவள் பகலில் எப்படித் தூங்குவாள் என்று கேட்டால்? அதனால், "தூக்கமே இல்ல டாக்டர்" என்றேன்.

"சாப்பாடு?"

"தொண்டைய விட்டு எறங்க மாட்டேங்குது."

"காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன தோணும்?"

இதை நான் படித்துக்கொண்டு போகவில்லை. அவனுக்கு என்ன தோன்றுமோ, யார் கண்டது? ஏதாவது சொல்ல வேண்டுமே. "ஏன் விடிஞ்சுச்சுன்னு தோணும்" என்றேன்.

"கடைசியா எப்ப வாய்விட்டுச் சிரிச்சீங்க?"

யோசித்தேன். தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகம் வரவில்லை.

"எதுக்கு உயிரோட இருக்கோம்னு எப்பவாவது?"

"அப்படியெல்லாம் இல்ல டாக்டர். ஒரு தடவை பஸ்ஸு உரசிட்டுப் போச்சு. இடிச்சிருந்தா ஒரு வாரம் படுத்துக் கெடக்கலாமேன்னு... சும்மா வேடிக்கையா."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "எவ்வளவு நாளா நீங்க ஒத்தையா தூக்கிச் சுமக்குறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை, வந்தவர்களுக்குக் காபி போட வேண்டியிருந்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. வரும்போது வீட்டுல கூட இருக்கவங்க யாரையாவது கூட்டிட்டு வரணும். தனியா வந்தா நான் பாக்க மாட்டேன்."

பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். எனக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று இதுவரை தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

சாம்பாரில் பொடித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். மாத்திரையைக் கரண்டியின் அடியில் வைத்து நசுக்கவும் போனேன். கை வரவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோற்றில் கலந்து கொடுப்பதா?

தட்டையும் மாத்திரையையும் கொண்டுபோய் அவன் கட்டிலில் வைத்தேன். "இதப் போட்டுக்கோ."

"என்னது?"

"டாக்டர் குடுத்தது."

"எந்த டாக்டர்? என்னப் பாக்காமயே எப்படிக் குடுத்தாரு?"

மறைக்கத் தெம்பு இல்லை. உன் பேர் கார்டில் இல்லை, அதனால் என் பேரில் போனேன், உன்னைப் பற்றிச் சொல்லி வாங்கி வந்தேன், அடுத்த தடவை தனியாக வந்தால் பார்க்க மாட்டாராம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தான். தாடி கழுத்து வரை வளர்ந்திருக்கிறது. அவன் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது இப்படித்தான் இருப்பார்.

"டாக்டர்கிட்ட என்னம்மா சொன்ன?"

"தூக்கம் வரலைன்னு."

"நான் நாள் பூராத் தூங்குறேனேம்மா."

"சோறு எறங்கலைன்னு."

"பிஸ்கட் டப்பாவ யாரு காலி பண்றது?"

"காலையில எந்திரிச்சா ஏன் விடிஞ்சுச்சுன்னு இருக்குன்னு சொன்னேன்."

"நான் எந்திரிக்கிறதே மத்தியானம்." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "நீ சொன்னது எதுவுமே நான் இல்லம்மா. அது நீ."

மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தான். மரியதாஸ் திருகாணிகளை வைத்த அதே கை. எனக்கு ஒரே கோபம். இவனுக்காக நாய் மாதிரி அலைந்தது நான், பைத்தியப் பட்டமும் எனக்கா என்று கத்தினேன். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாத்திரம் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிற மாதிரி துலக்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

பழைய ஜாக்கெட்டுகளும் வழிகின்றன. அவற்றைத் தைத்தது வேறு தையல்காரர்.

ஜூலை 2, புதன்

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். போட்டேனா என்று வாசல்படியில் நின்று கேட்டான். அவன் அறை வாசல்படிதான். ஆனாலும் நின்றுகொண்டு கேட்டான்.

ஜூலை 10, வியாழன்

பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. வாய் உலர்கிறது. நேற்று விடிகிற வரை தூங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாமாவைக் கூப்பிட்டால் பூசாரியும் சேர்ந்து வருவார். சகாயராணியைக் கேட்கலாமா என்று நினைத்தேன், டாக்டர் "வீட்டில் இருக்கிறவர்" என்றாரே. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஜூலை 12, சனி

காலையில் குளியலறையில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தாடியை எடுத்துவிட்டு, பழைய நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். முகம் வெளுத்து, யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருந்தான். "போலாமா? நீ தனியாப் போனா பாக்க மாட்டாங்கன்னு சொன்னேல்ல" என்றான். அவனுக்காகக் கூப்பிட்டபோதெல்லாம் அசையாதவன். பேசினால் திரும்பப் போய்ப் படுத்துவிடுவானோ என்று பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வெயில் பழக்கமில்லை.

கவுண்டரில், "கூட வந்தது யாரு?" என்றாள்.

"மகன்."

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார். "அம்மா வீட்டுல எப்படி இருக்காங்க?"

மூன்று சொல்லில் ஒன்றைச் சொல்லுவான் என்று நினைத்தேன்.

"அம்மா முன்னாடியெல்லாம் சமைக்கிறப்ப பாடுவாங்க. தப்புத் தப்பாப் பாடுவாங்க, ஆனா பாடுவாங்க. இப்ப இல்ல. எனக்குத் தட்டு கொண்டுவந்து வச்சுட்டு அவங்க சாப்புட்டேன்னு பொய் சொல்வாங்க. அவங்க சோறு தெரு நாய்க்குப் போகுது, ஜன்னல்ல பாத்துருக்கேன். ராத்திரி ஹால்ல நடந்துக்கிட்டே இருக்குறது கேக்கும். என் ரூமு தாழ்ப்பாளக் கழட்டிட்டாங்க டாக்டர். ஏன்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்க ரூமுல உள்ள தாழ் போட்டுக்கிட்டுப் படுக்குறாங்க. உள்ள அழுகுறது கேக்கும். அப்புறம் சத்தமே இருக்காது. எனக்குப் பயமா இருக்கும். எந்திரிச்சுப் போய்க் கதவத் தட்டணும்னு நெனப்பேன். என்னால எந்திரிக்க முடியாது."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன். இவ்வளவையும் எப்போது பார்த்தான்? நான் தாழ் போட்டது அழுகிற சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது என்றுதான். அது இந்த டைரிக்குக்கூடத் தெரியாது.

"எந்திரிக்க முடியாதுன்னு சொன்னீங்களே," என்றார் டாக்டர், "அது எப்பருந்து தம்பி?"

நவநீதன் தரையைப் பார்த்தான். "எனக்குக் கார்டு கெடையாது டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "கார்டு அம்மாவுக்கு இருக்கட்டும். உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை வர்றவர் என்கூடப் படிச்சவர்தான். நல்லாப் பாப்பாரு. அங்க எந்தக் கார்டும் வேணாம். அம்மாவும் வேணும்னா அங்கயே தொடரலாம், இவ்வளவு தூரம் அலைய வேணாம்."

"அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும் டாக்டர்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஒக்கார நாற்காலி குடுப்பாங்க."

நான் அவனைப் பார்த்தேன். "நீ வந்தா நான் போறேம்மா" என்றான். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அவனோடு கொஞ்ச நேரம் பேசினார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெகுநாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

ஜூலை 14, திங்கள்

மரியதாஸ் வந்து என் அறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டுப் போனார். இந்த முறை மழையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

நேற்று முழுக்க அவன் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை சட்டை போட்டுக்கொண்டு வந்தான். குளிக்கவில்லை. பரவாயில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் வரிசை மரத்தடி வரை நின்றது. அதில் நாங்களும் நின்றோம். நர்ஸ் ஒருத்தி, "அரசி மேடம், இங்க என்ன இன்ஸ்பெக்சனா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். வார்டு ஆயா வணக்கம் வைத்தாள். மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. வெளியே போய்விடலாமா என்று இருந்தது. நவநீதன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், சின்ன வயதில் ரேஷன் கடையில் நிற்பது மாதிரி. அவன் பயந்து பிடித்தானா, நான் ஓடிவிடாமல் இருக்கப் பிடித்தானா, தெரியவில்லை.

சீட்டு எழுதுகிறவர் பூமிநாதன். போன மாதம்தான் அவருடைய நிலுவைப் பட்டியலில் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினேன். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், நீங்க ஏன் வரிசையில நின்னுக்கிட்டு? சொல்லி அனுப்பியிருந்தா நானே... எந்த டாக்டரப் பாக்கணும்?"

"மனநல டாக்டர" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பூமிநாதன் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"யாருக்கு மேடம்?"

"ரெண்டு பேருக்கும்."